வண்டி ஏறக்கட்டியாச்சு

போத்தனூர்
3 டிசம்பர் 2024

தேன்கொம்பை விவசாயிகள் சங்கச் செயலாளர் பழனியாத்தாள் அம்மணி அவர்களுக்கு,

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு என் ஆட்கள் நான்கு பேர் தேன்கொம்பை மலையில் வடத்தால் வண்டி இழுக்கிற வின்ச் தண்டவாளத்தை அறுத்தெடுக்க வந்தார்கள். உங்கள் ஊர்ப் பெண்கள் இருபது பேர் தண்டவாளத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டீர்கள். இரும்பு அறுக்கிற என் கேஸ் சிலிண்டர் இரண்டையும் வின்ச் வண்டியில் ஏற்றி மலைக்கு மேலே இழுத்துக்கொண்டீர்கள். ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நடந்தது இவ்வளவுதான். நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் லட்சுமணசாமி, பழைய இரும்பு வியாபாரம். பதினாறு வயதில் போத்தனூர் ரயில் சந்திப்பு ஓரமாகச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போல்ட்டும் நட்டும் பொறுக்கியவன். இன்றைக்கு மூன்று லாரி நிற்கிறது. எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, நானும் யாரிடமும் பறித்ததில்லை.

மூடிப்போன எஸ்டேட் கம்பெனியின் சாமான்களை வங்கி அக்டோபரில் ஏலம் விட்டது. வின்ச்சின் தண்டவாளம், வடம், உருளை, மோட்டார், அடிவாரத்தில் கிடக்கும் பாய்லர் எல்லாம் என் பேருக்கு வந்தது. ஜனவரி 31-க்குள் அகற்ற வேண்டும் என்பது நிபந்தனை. பெருந்துறையில் இரும்பு உருக்குகிறவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு ஃபோன் போட்டால் கிடைப்பதில்லை. அதுவும் நல்லதுதான். எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் பேச்சு மாற முடியாது. அரிசி, காய்கறி ஏற்றுகிற ரிஃபத்தின் பிக்கப் வண்டி செவ்வாயும் வெள்ளியும் உங்கள் அடிவாரத்துக்கு வருகிறதாம். கடிதத்தை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் சிலிண்டரையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். வாடகைச் சிலிண்டர், நாள் கணக்கு ஓடுகிறது.

இப்படிக்கு,
லட்சுமணசாமி


மேல்கட்டு, தேன்கொம்பை
6 டிசம்பர் 2024

இரும்புக்கடை லட்சுமணசாமி அவர்களுக்கு,

சிலிண்டர் இரண்டும் பலாமரத்தடியில் பத்திரமாக இருக்கின்றன. வெயில் படாமல் ஓலை போட்டு மூடியிருக்கிறோம்.

உட்கார்ந்தவர்கள் இருபது பேர் இல்லை, முப்பத்திரண்டு பேர். குறைக்கவில்லை என்று எழுதிய கடிதத்திலேயே பன்னிரண்டு பேரைக் குறைத்துவிட்டீர்கள். உங்கள் ஆட்கள் வெறுங்கையோடும் திரும்பவில்லை. ராகிக் களி தின்றுவிட்டு, ஆளுக்கு ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். கேட்டுப் பாருங்கள்.

'முதலாளி அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருக்க வேண்டுமோ என்னவோ. அந்தச் சொல்லை இந்த ஊரில் 2003-லேயே விட்டுவிட்டோம்.

நீங்கள் ஏலம் எடுத்தது என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். இந்தப் பாதையைப் போட்டது 1931-ல். காப்பி மூட்டையை இறக்குவதற்காகத் துரைமார் போட்டார்கள். வண்டி ஓடத்தான் தண்டவாளம். அந்தத் தண்டவாளத்தை மேலே ஏற்ற எந்த வண்டியும் கிடையாது. ஒரு துண்டுக்கு எட்டு ஆள் தோள் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள்தான். பாதை முடிந்ததும் ஒரு பலகை வைத்தார்களாம்: மூட்டை மட்டும் ஏறலாம், ஆள் ஏறக் கூடாது. எட்டுப் பேர் தோளில் ஏறிய தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே 1,140 படி வெட்டி, அதில் நடந்து போகச் சொன்னார்கள். இருபத்தேழு வருஷம் நடந்தோம். 1958-ல் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஆளும் ஏறலாம் என்று ஆனது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்தையும் புத்தகத்தில் எழுதுகிறோம்.

2003-ல் எஸ்டேட்டை மூடியபோது கம்பெனி எங்களுக்குத் தரவேண்டியதைத் தரமுடியாமல் நாற்பத்து மூன்று குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் எழுதிக் கொடுத்தது. பாதை போகிற நிலமும் அதில்தான் வருகிறது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: 'வின்ச் ஓட்டத்தை நிரந்தரமாக நிறுத்தும் நாள் வரை அதைப் பயன்படுத்தும் உரிமை தொழிலாளர்களுக்கு உண்டு.'

அக்டோபர் மழையில் ஜீப் பாதை இரண்டு இடத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஜனவரியில் காப்பி பறிப்பு. அது கீழே இறங்க இந்த ஒரு பாதைதான் மிச்சம். இதையும் அறுத்தால் நாற்பத்து மூன்று வீட்டு விளைச்சலும் மலையிலேயே மக்கிப்போகும். அதனால்தான் உட்கார்ந்தோம். மறுபடி வந்தால் மறுபடி உட்காருவோம்.

பழனியாத்தாள்


போத்தனூர்
10 டிசம்பர் 2024

பழனியாத்தாள் அம்மணி அவர்களுக்கு,

ஆட்களைக் கேட்டேன். களியையும் பழத்தையும் ஒப்புக்கொண்டார்கள். முப்பத்திரண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

ஒப்பந்த வரியை நீங்களே எழுதிக் கொடுத்தது எனக்கு ரொம்ப வசதி. 'நிரந்தரமாக நிறுத்தும் நாள் வரை.' அந்த நாள் என்றைக்கோ வந்துவிட்டது அம்மணி. அடிவாரத்து ஷெட்டில் கிடந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே படியுங்கள்.

'14.8.2019. வண்டி ஏறக்கட்டியாச்சு. வெள்ளியங்கிரி.'

வெள்ளியங்கிரி என்பவர் வின்ச் ஓட்டுகிறவர், உங்கள் வீட்டுக்காரர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடையை ஏறக்கட்டினால் அப்புறம் கடை இல்லை. மில்லை ஏறக்கட்டினால் மில் இல்லை. கோயமுத்தூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் இது. ஓட்டத்தை நிறுத்தியாச்சு என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐந்து வருஷம் ஆகிறது.

செப்டம்பரில் சரக்கைப் பார்க்க நான் அடிவாரத்துக்கு வந்தேன். அன்றைக்கு நீங்கள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தீர்கள். வங்கிக்கு மதிப்புப் போடுகிற சாஹில் என்ற தம்பியும் இருந்தார். மும்பைக்காரர், தமிழ் தெரியாது. இந்தப் பக்கத்தைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 'மூடியாச்சு' என்று சொன்னேன். அறிக்கையில் 'ஓட்டம் இல்லாத பாதை' என்று எழுதிக்கொண்டார். அதனால்தான் அது பழைய இரும்பு விலைக்கு வந்தது.

நீங்கள் கதை சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். அந்தத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் 1908 என்று அச்சு இருக்கிறது. உங்கள் பாதைக்கு 23 வயது மூத்தது. எங்கேயோ ஓடித் தேய்ந்ததைத் துரை மலிவாக வாங்கி உங்கள் தோளில் ஏற்றியிருக்கிறார். துரையும் பழைய இரும்பு வாங்கினவர்தான்.

நான் மனசாட்சி இல்லாதவன் இல்லை. ஜீப் பாதை சரியாகிற வரைக்கும் மூட்டை இறக்கப் பத்துக் கோவேறு கழுதை என் செலவில் அமர்த்தித் தருகிறேன். போலீஸைக் கூட்டி வரவும் எனக்கு வழி தெரியும். ஆனால் வியாபாரத்தை வியாபாரமாக முடிக்கவே எனக்குப் பிடிக்கும்.

லட்சுமணசாமி


மேல்கட்டு
13 டிசம்பர் 2024

லட்சுமணசாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் காப்பிக் களத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். ஃபோட்டோ கை மாறிக் கை மாறிப் போனது. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்குப் புரை ஏறியது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, நான் எப்பங்க கம்பெனிய மூடுனேன்? எனக்கே தெரியாம மூடிப்போட்டனா?" என்றார்.

திருமலைசாமி என்று ஒருவர், பக்கத்துத் தோட்டம். அவர் விடவில்லை. "தெனமுமல்ல மூடியிருக்கற! ஞாயித்துக்கெழம லீவு போட்டுட்டு மூடுனயா, லீவுலயும் மூடுனயா?"

அவர்கள் சிரித்தது உங்களை அவமானப்படுத்த இல்லை. விஷயம் இதுதான். மலைக்கு மேலே வண்டி நிற்கிற இடத்துக்குப் பெயர் மேல்கட்டு. அடிவாரம் கீழ்க்கட்டு. ராத்திரி வண்டியைக் கீழே விட்டால் பலாப்பழ வாசனைக்கு யானை வந்து புரட்டிவிடும். நடு வழியில் விட்டால் வடத்தில் பாரம் தொங்கும். அதனால் கடைசி ஓட்டம் முடிந்ததும் வண்டியை மேலே ஏற்றி, சங்கிலி போட்டுக் கட்டுவோம். அதற்குப் பெயர் ஏறக்கட்டுவது. காலையில் மறுபடி ஓட்டுவதற்காக ஏறக்கட்டுவது.

நீங்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்கள். அதற்கு முந்தின பக்கத்தைப் புரட்டியிருந்தால் அதிலும் அதே வரி. அதற்கு முந்தினதிலும். 1958-லிருந்து எத்தனை சாயங்காலமோ அத்தனை. அது ஏன் கடைசிப் பக்கம் என்றால், புத்தகம் தீர்ந்துபோனது. அடுத்த நாள் புதுப் புத்தகம் போட்டோம். சுதந்திர தினத்துக்கு மிட்டாய் டப்பா ஏற்றியதுதான் அதில் முதல் வரி. அந்தப் புத்தகத்தை ரிஃபத்திடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு பக்கம் கிழிந்தாலும் உங்களைத்தான் கேட்பேன்.

சொல் தெரியாமல் போனது தப்பில்லை. வேறொன்று கேட்கிறேன். நீங்கள் இரும்பிலேயே பிழைத்தவர். பக்கவாட்டில் 1908 என்று பார்த்தவர் தண்டவாளத்தின் தலையை, சக்கரம் உருள்கிற மேல்பக்கத்தை, பார்த்தீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

கோவேறு கழுதைகள் 1,140 படி இறங்குமா என்று முதலில் அவற்றையே கேட்டுவிடுங்கள்.

பழனியாத்தாள்


போத்தனூர்
20 டிசம்பர் 2024

அம்மணி,

செவ்வாய்க்கிழமை எழுதியிருக்க வேண்டும். புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அதைச் சந்தேகப்பட்டேன், மறைப்பதற்கில்லை. மூன்று நாளில் உட்கார்ந்து எழுதித் தயாரித்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் கட்டைவிரல் தடம் இருக்கிறது. முன் பக்கங்களில் மஞ்சளாகப் பழுத்து, வரவரக் கறுப்பாகப் புதுசாகிறது. கிரீஸுக்கு வயது போட எனக்குத் தெரியும். அதை யாரும் தயாரிக்க முடியாது.

அதன் பிறகு சந்தேகத்துக்காகப் படிக்கவில்லை. 'யானை வழியில் நின்றது. இரண்டு பலாப்பழம் தூக்கிப் போட்டோம். எட்டாம் ஓட்டம் ஒரு மணி நேரம் தாமதம்.' கொரோனா வருஷத்தில் மூன்று மாதம் வெறும் 'மாத்திரை, பால்மாவு, ஆள் இல்லை.' 2020 ஜூலையில் ஒரு நாள்: 'ஆஸ்பத்திரிக்கு இறக்கும்போது பாதி வழியில் பிரசவம். பெண் குழந்தை. பேர் இனியா. வண்டியை நிறுத்தவில்லை.' அதற்கடுத்த வரியும் அதேதான்: வண்டி ஏறக்கட்டியாச்சு. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: பார்த்தேன்.

தண்டவாளத்தின் தலை தேய்த்த வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. செப்டம்பர் மழையில் ஓடாத இரும்பு செக்கச்செவேலென்று கிடக்கும். அது தெரியாவிட்டால் நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. சொல்லைத் தப்பாகப் படித்தது நிஜமாகவே தப்பாகப் படித்ததுதான். ஆனால் கண் ஒன்றைச் சொன்னது, எழுத்து ஒன்றைச் சொன்னது. எழுத்து எனக்கு லாபமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். முந்தின பக்கத்தை நான் புரட்டாததும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சாஹிலுக்கு எழுதிவிட்டேன். நான் சொன்ன அர்த்தம் தப்பு, பாதை ஓடுகிறது, தொழிலாளர்களுக்கு உரிமை இருக்கிறது என்று. ஏலத்தையே ரத்து செய்வார்கள் என்று நினைத்தேன். முடிந்த ஏலம் முடிந்ததுதான், உரிமைக்காரர்களோடு நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று வங்கி பதில் போட்டிருக்கிறது. ஆக இரும்பு என்னுடையது, ஓட்டுகிற உரிமை உங்களுடையது. இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனால் வக்கீல்களின் பிள்ளைகள் படித்து முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. ஐந்து வருஷப் புத்தகத்தில் பல்சக்கரம் மாற்றியது இருக்கிறது, பிரேக் கட்டை மாற்றியது இருக்கிறது. வடம் மாற்றியதாக ஒரு வரி இல்லை. கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

திங்கட்கிழமை நானே வருகிறேன். புத்தகத்தையும் கொண்டுவருகிறேன். பழைய வேட்டித்துணி ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

லட்சுமணசாமி


மேல்கட்டு
27 டிசம்பர் 2024

லட்சுமணசாமி அண்ணனுக்கு,

புத்தகத்தை எண்ணிப் பார்த்தேன். பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது.

நீங்கள் அன்றைக்குக் காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டீர்கள். வண்டியில் ஏறுங்கள் என்றதற்கு, "அதுல ஏறறதுக்கு எனக்கென்ன தலையெழுத்துங்களா?" என்று சொல்லிவிட்டு 1,140 படியும் நடந்தீர்கள். முப்பது வருஷம் ஒருத்தரையும் கீழே விடாமல் வின்ச் ஓட்டிய என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இதுல ஆள ஏத்துனது கொலைங்க" என்று ஊர் நடுவில் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் அப்படியே வைத்திருந்தேன். மிச்சத்தையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை.

துணியை வடத்தில் வைத்து ஓடவிட்டீர்களே, அறுந்த கம்பி பதினேழு இடத்தில் துணியைக் கிழித்ததே, அது எனக்குப் புதுசு இல்லை. வடம் 2009-ல் மாற்றியது. இரண்டு வருஷத்துக்கு முன்பே இவர் என்னிடம், "ஆத்தா, வடம் முள்ளு முள்ளா நிக்குது" என்று சொல்லிவிட்டார். புது வடத்துக்குச் சங்கத்தில் வழி இல்லை. மெதுவாக ஓட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஊருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள், பயந்தால் பாதை நின்றுவிடும், நின்றால் ஒப்பந்தத்து உரிமை போய்விடும் என்று நினைத்தேன். இவரைக் கொலைகாரர் என்றது தப்பு அண்ணா. சொல்வதானால் என்னைச் சொல்லியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சங்கத்தைக் கூட்டி எல்லாம் சொல்லிவிட்டேன். ஏச்சு நிறையக் கிடைத்தது. அன்றிலிருந்து வண்டியில் ஆள் ஏற்றுவதில்லை. அரைப் பாரம் மூட்டை மட்டும். இனியா இப்போது அங்கன்வாடிக்குப் படியில்தான் நடக்கிறாள். அவள் அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நீங்கள் வந்த அன்று சாயங்காலம் இவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'போத்தனூர் லட்சுமணசாமி வந்தார். வடம் கெட்டது என்றார். உண்மை. வண்டி ஏறக்கட்டியாச்சு.'

உங்களுக்கு இரும்பு வேண்டும். எங்களுக்கு ஓட்டம் வேண்டும். என்ன கேட்கிறீர்கள் என்று சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

பழனியாத்தாள்


போத்தனூர்
31 டிசம்பர் 2024

அம்மணி,

ஊர் நடுவில் சொன்னது தப்பு. வெள்ளியங்கிரியிடம் அதை நேரில் சொல்கிறேன், அதே களத்தில் வைத்து. ஐம்பது வருஷத்தில் நான் பார்த்த இரும்பு கொஞ்சநஞ்சமில்லை. வடம் அறுந்தால் என்ன ஆகும் என்று ஒரு கல்குவாரியில் பார்த்தவன். அதனால் வாய் முந்திவிட்டது.

நீங்கள் ஊரைக் கூட்டிச் சொன்னதைப் படித்த பிறகுதான் உங்களோடு வியாபாரம் பேசலாம் என்று முடிவு செய்தேன். சரக்கில் இருக்கிற குறையைத் தானே சொல்கிறவர் அதிகம் பேர் இல்லை. நானே அப்படி இருக்கவில்லை.

அன்றைக்கு மேல்கட்டில் வடம் சுற்றுகிற உருளையைத் தட்டிப் பார்த்தேன். சீமையிலிருந்து வந்தது என்று திருமலைசாமி அடித்துச் சொன்னார். இல்லை. அந்த வார்ப்பு நம் கோயமுத்தூர்ப் பட்டறை வேலை. ஒரு வெடிப்பு இல்லை, இன்னும் ஐம்பது வருஷம் சுற்றும். அதை உருக்கினால் எனக்கு மூன்று நாள் வருமானம், அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. ஓடாமல் கிடக்கிற இரும்பு எனக்கு: பாய்லர், கீழ்க்கட்டு முற்றத்துத் தண்டவாளம், உடைந்த இரண்டாம் வண்டி, பழைய மோட்டாரின் செம்பு. ஓடுகிற இரும்பு சங்கத்துக்கு. ஜனவரி 31 கெடு நிலத்துக்காரரின் நிலம் காலியாக வேண்டும் என்பதற்காக வைத்தது. நிலத்துக்காரர் நீங்கள். இருக்கட்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் கெடு இல்லை. புது வடம் நான் வாங்கிப் போட்டுத் தருகிறேன். அதற்கும் ஓடுகிற இரும்புக்கும் சேர்த்து வருஷத்துக்குப் பன்னிரண்டு மூட்டை காப்பி, ஐந்து வருஷம். கீழ்க்கட்டிலிருந்து உங்கள் சரக்கு என் லாரியில்தான் போக வேண்டும், சந்தை வாடகைக்கு.

தர்மத்துக்குச் செய்வதாக நினைக்க வேண்டாம். பாதை ஓடினால் என் லாரி ஓடும்.

லட்சுமணசாமி


மேல்கட்டு
3 ஜனவரி 2025

அண்ணா,

எல்லாம் சம்மதம், பன்னிரண்டைத் தவிர. பத்து மூட்டை. லாரி உங்களுடையதாக இருக்கட்டும், ஆனால் ரிஃபத்தின் பிக்கப்பை விட மாட்டோம். ஜீப் பாதை போன நாளிலிருந்து எங்களுக்கு அரிசி கொண்டுவந்தவர் அவர். காய்கறி, பழம் எல்லாம் அவர் வண்டியில்தான்.

சிலிண்டர் இரண்டையும் இன்றைக்கு அனுப்பிவிட்டேன். ஓலையோடு.

பழனியாத்தாள்


போத்தனூர்
7 ஜனவரி 2025

அம்மணி,

பதினொன்று.

முடிந்த பேச்சை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கீழே சங்கத்து முத்திரை போட்டு ஒரு பிரதியை ரிஃபத்திடம் அனுப்புங்கள்.

வருஷத்துக்குப் பதினொரு மூட்டை காப்பி, ஐம்பது கிலோ மூட்டை, ஐந்து வருஷம். ஓடாத இரும்பு எனக்கு, ஓடுகிற இரும்பு சங்கத்துக்கு. காப்பியும் மிளகும் என் லாரி, காய்கறியும் பழமும் ரிஃபத். புது வடம் 16-ஆம் தேதி வருகிறது. மாட்டிய பிறகு மூன்று நாள் மணல் மூட்டை மட்டும் ஓட்ட வேண்டும். நான்காம் நாள் முதல் ஆளாக நான் ஏறுவேன், கைப்பிடி வெள்ளியங்கிரியிடம் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்த ஓட்டம் இனியாவுக்கு. மாதம் ஒருமுறை வடத்தில் துணி ஓட்ட வேண்டும், துணி கிழிந்தால் கிழிந்தது என்று புத்தகத்தில் எழுத வேண்டும். தினமும் சாயங்காலம் வண்டியை ஏறக்கட்ட வேண்டும், அதையும் எழுத வேண்டும்.

லட்சுமணசாமி